குச்சாவின் பதக்கமும் குச்சாவின் அச்சகமும்

1904ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவிலிருந்து இரண்டு கணிதக் கேள்விகள் வெளியுலகுக்குப் புறப்பட்டன. முதல் கேள்விக்குத் துணையாகத் தங்கப் பதக்கம் ஒன்றும் 3,000 பிராங்க் பணமுடிப்பும் இருந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கூடிய உலகக் கணிதவியலாளர் மாநாட்டில் அது முறைப்படி அறிவிக்கப்பட்டது. 1908இல் ரோமில் கூடவிருந்த அடுத்த மாநாட்டில் பரிசு வழங்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. இரண்டாவது கேள்விக்கு மேளதாளம் எதுவும் இல்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆன்றி புவான்கரே எழுதிய 66 பக்கக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் கேட்டதுபோல் அது அச்சாகியிருந்தது. கேட்ட கையோடு, இந்தக் கேள்வி நம்மை வெகுதூரம் இழுத்துச் சென்றுவிடும் என்று எழுதி அவர் கட்டுரையை முடித்துவிட்டார்.

பரிசை ஏற்படுத்தியவரும், புவான்கரேயின் கட்டுரை வெளிவந்த இதழை நடத்தியவரும் ஒருவரே: ஜோவான்னி பட்டிஸ்டா குச்சா. பரிசுக் கேள்விக்கு நடுவர்களை நிறைவு செய்யும் விடை வரவில்லை. பரிசில்லாத கேள்வியோ ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு உலகின் மிகச் சிறந்த கணிதவியலாளர்கள் சிலரைத் தூங்கவிடவில்லை. ஆராய்ச்சியை ஊக்குவிக்கப் பரிசு அறிவிப்பதும், ஆராய்ச்சியை நன்றாக அச்சிட்டு உரியவர் கையில் சேர்ப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு கணித வரலாற்றில் எனக்குத் தென்பட்டதில்லை.

குச்சா 1855இல் பலேர்மோவின் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். உள்ளூரில் தொடங்கிய படிப்பை ரோமுக்குச் சென்று, அன்று இத்தாலிய வடிவியலின் தலைமகனாக விளங்கிய லூயிஜி கிரெமோனாவிடம் தொடர்ந்து, 1880இல் பட்டம் பெற்றார். தளத்தில் வரையும் வளைகோடுகளின் தொகுதிகளையும், வளைகோடுகள் தம்மைத் தாமே வெட்டிக்கொள்ளும் சிறப்புப் புள்ளிகளையும் பற்றி எழுதினார். நல்ல கணிதவியலாளர்தான், ஆனால் அவருடைய தேற்றங்களுக்காக யாரும் இன்று அவரை நினைப்பதில்லை. ஊர் திரும்பியபோது அவருக்குப் பட்ட குறை வேறு. இத்தாலியின் கணிதம் அப்போது மிலான், பீசா, தூரின், ரோம், நேப்பிள்ஸ் ஆகிய நகரங்களைச் சுற்றியே இயங்கியது, இதழ்களும் அங்கேதான். 1860இல்தான் கரிபால்டியின் படை வந்து இத்தாலியோடு இணைத்த சிசிலி, நாட்டின் ஓரத்தில் மட்டுமல்லாமல் கணிதத்தின் ஓரத்திலும் கிடந்தது.

1884 மார்ச் 2ஆம் நாள் குச்சாவின் வீட்டில் 27 பேர் கூடிப் பலேர்மோ கணித வட்டத்தைத் தொடங்கினார்கள். இத்தாலிய மொழியில் அதன் பெயர் சிர்க்கொலோ மாத்தெமாத்திகோ தி பலேர்மோ. கூடுவதற்கு இடம், படிப்பதற்கு நூலகம், செலவுக்குப் பணம் எல்லாம் குச்சாவுடையவை. வசதி படைத்தவர் ஒருவர் தன் வீட்டுக் கூடத்தைக் கொடுத்து நடத்தும் உள்ளூர்ச் சபைகள் ஐரோப்பாவில் அன்று எத்தனையோ இருந்தன. இதுவும் அவற்றில் ஒன்றாக நாலைந்து ஆண்டுகள் கூடிக் கலைந்திருக்கலாம். அப்படி ஆகாமல் தடுத்தது 1888இல் திருத்தி எழுதப்பட்ட விதிமுறைகள். அவற்றின்படி வெளிநாட்டாரும் முழு உறுப்பினர் ஆகலாம். 20 பேர் கொண்ட இயக்குநர் குழுவில் பலேர்மோவில் வசிப்பவர்களுக்கு 5 இடங்கள்தான். எஞ்சிய 15 இடங்களும் வெளியூராருக்கு, வெளிநாட்டார் உட்பட. உள்ளூர்க்காரர்களைச் சிறுபான்மையாக்கும் விதியை உள்ளூர்ச் சங்கம் ஒன்று தானே எழுதிக்கொள்வது அபூர்வம். புவான்கரேயும், ஸ்டாக்ஹோமில் அக்டா மாத்தமாத்திக்கா இதழை நடத்திய மித்தாக்-லெஃப்லரும் இந்த வட்டத்தோடு இணைந்தார்கள். இத்தாலியின் தென்கோடி நகரமொன்றின் சபைக்கு, அன்றைய கணித உலகின் இரண்டு பெரிய தொடர்பு மையங்களோடு நேரடி வழி திறந்தது.

சங்கத்தின் இதழுக்கு ரெந்திகோன்டி என்று பெயர். நடவடிக்கைக் குறிப்புகள் என்பது பொருள். முதல் தொகுதி 1887இல் முழுமையடைந்தது. பெயருக்கேற்பத் தொடக்கத்தில் அது கூட்டங்களின் பதிவாகத்தான் இருந்தது. பிறகு இத்தாலியன், பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் எழுதப்பட்ட கட்டுரைகளை அப்படியே வெளியிடும் உலக இதழாக வளர்ந்தது. 1890களில் குச்சா அடுத்த அடியை எடுத்துவைத்தார். கணிதத்துக்கென்றே தன் சொந்தச் செலவில் பலேர்மோவில் ஓர் அச்சகத்தை நிறுவினார். அங்கிருந்து இதழோடு இணைப்பிதழ்களும் உறுப்பினர் விவரங்கள் அடங்கிய ஆண்டு மலர்களும் வெளிவந்தன. கணித வட்டம் அப்போதுதான் சபை என்ற நிலையிலிருந்து பதிப்பகம் என்ற நிலைக்கு வந்தது எனலாம்.

அச்சகம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இன்றைக்கு உணர்வது கடினம். ஈய எழுத்துகளைக் கையால் கோர்த்த அந்தக் காலத்தில், சாதாரண உரைநடை ஒரு பக்கத்தைக் கோர்க்கும் நேரமும் கணிதம் நிறைந்த ஒரு பக்கத்தைக் கோர்க்கும் நேரமும் ஒன்றல்ல. தொகையீட்டுக் குறி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு மூன்று வரி உயரத்துக்கு நிற்கும், அதன் தலையிலும் காலிலும் பொடி எழுத்தில் எல்லைகள் வரும், பக்கத்தில் பின்னம், பின்னத்தின் பகுதியில் வர்க்கமூலம், அதற்குள் கிரேக்க எழுத்து, அந்த எழுத்தின் தோளில் அடுக்குக்குறி, காலடியில் கீழ்க்குறி. ஒவ்வொன்றும் வேறு வேறு அளவுள்ள ஈயத் துண்டு. அவற்றுக்கிடையே எழுத்தில்லாத வெற்றுக் கட்டைகளை அளந்து வைத்து இறுக்கினால்தான் பக்கம் ஆடாமல் நிற்கும். கோர்ப்பவருக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எந்தப் புள்ளி அழுக்கு, எந்தப் புள்ளி பொருளுடையது என்று கண்டுகொள்ளும் பழக்கம் வேண்டும். திருமண அழைப்பிதழும் வழக்கறிஞர் மனுவும் அச்சிடும் கடையில் அந்தப் பழக்கம் வராது. இந்த வேலையை மட்டுமே நாள்தோறும் செய்யும் கைகளைப் பலேர்மோவில் உருவாக்கியதே குச்சாவின் சாதனை.

விரைவும் துல்லியமும் எப்படிக் கைகூடின என்பதைக் காட்ட ஒரே ஒரு கட்டுரை போதும். ரெந்திகோன்டியின் 21ஆவது தொகுதியில் 129 முதல் 176 வரை உள்ள 48 பக்கங்கள் புவான்கரேயின் எலக்ட்ரான் இயங்கியல் பற்றிய கட்டுரைக்கு உரியவை. கட்டுரையின் தலைப்பை ஒட்டி, அது 1905 ஜூலை 23ஆம் நாள் கூட்டத்தில் வைக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. பக்கங்களின் அடியில், அந்தந்தத் தாள் அச்சான நாளும் சிறிய எழுத்தில் போடப்பட்டிருக்கிறது: 1905 டிசம்பர் 14 முதல் 16 வரை. தொகுதியின் ஆண்டு 1906. வந்த நாள், அச்சேறிய நாள், வெளியான ஆண்டு ஆகிய மூன்றும் தனித்தனியே வாசகர் கண்முன் நிற்கின்றன.

இது வெறும் அலுவலகச் சடங்கு அல்ல. ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்புக் கட்டுரை ஜெர்மானிய இதழுக்கு வந்து சேர்ந்தது 1905 ஜூன் 30ஆம் நாள். சீராக இயங்கும் இருவரின் இட, கால அளவுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் லோரென்ட்ஸ் உருமாற்றங்கள், அடுத்தடுத்துச் செய்தாலும் அதே வகையில் முடியும் ஒரு குலமாக அமைவதையும், காலத்தை நான்காவது ஆயமாக எடுத்துக்கொள்வதையும் புவான்கரே தன் கட்டுரையில் எழுதியது ஐன்ஸ்டைனைப் பார்த்தபிறகா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தபோது, வரலாற்றாசிரியர்கள் கையில் எடுத்தவை இந்தத் தேதிகளும், புவான்கரே அதற்கு முன்பே ஜூன் 5ஆம் நாள் பாரிஸ் அகாதெமியில் அளித்த சுருக்கக் குறிப்பின் தேதியும்தான். விவாதம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் யார் எப்போது எதை எழுதினார் என்பதில் மட்டும் ஐயம் இல்லை. அந்த உறுதியைக் கொடுத்தது பக்கத்தின் அடியில் இருந்த ஒரு வரி.

இந்த ஒழுங்கு பிடித்துப்போய்த்தான் ஆசிரியர்கள் வந்தார்கள். தொலைவு என்ற கருத்தை எண்களிலிருந்தும் புள்ளிகளிலிருந்தும் விடுவித்து, எந்தப் பொருள்களின் தொகுப்புக்கும் பொருந்துமாறு பொதுமைப்படுத்திய மொரீஸ் ஃபிரெஷேயின் முனைவர் ஆய்வேடு 1906இல் இங்கேதான் வெளிவந்தது. தற்செயலாக எடுத்த எண்ணொன்றின் பதின்ம விரிவில் 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் சம அளவில் வரும் என்று நிறுவிய எமில் பொரேலின் நிகழ்தகவுக் கட்டுரை 1909இல் வந்தது. அதே ஆண்டில் ஜெர்மானியக் கணிதவியலாளர் ஹில்பெர்ட்டும் எழுதினார். இவர்களில் எவருக்கும் பாரிஸிலோ ஜெர்மனியின் கட்டிங்கெனிலோ இடம் கிடைக்காமல் இல்லை. கடல் கடந்து பலேர்மோவுக்கு அனுப்பினார்கள் என்றால், அனுப்பியது திரும்பிவரும் விதத்தில் அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது என்று பொருள்.

இனிப் பதக்கத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிவியல் பரிசு என்றால் பெரும்பாலும் கேள்விப் பரிசுதான். அகாதெமி ஒன்று குறிப்பிட்ட சிக்கலை அறிவிக்கும். போட்டியாளர்கள் பெயரைப் போடாமல் ஒரு முதுமொழியைத் தலைப்பில் எழுதிக் கட்டுரை அனுப்புவார்கள். பெயர் தனி உறையில் முத்திரையிட்டு வரும். தேர்வான கட்டுரையின் உறை மட்டும் திறக்கப்படும். எதை ஆராய வேண்டும் என்பதை மூத்தவர்கள் முடிவு செய்ய, இளையவர்கள் அதைச் செய்து காட்டும் ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டின் அருமையும் ஆபத்தும் புவான்கரேக்கு நேரடியாகத் தெரியும். ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் பெயரில் மித்தாக்-லெஃப்லர் நடத்திய போட்டியில், மூன்று விண்பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்போது எப்படி இயங்கும் என்ற சிக்கலை ஆராய்ந்து 1889இல் அவர் பரிசு பெற்றார். பரிசுத் தொகை 2,500 குரோனர். கட்டுரை அச்சாகிக்கொண்டிருந்தபோது அதில் பெரும் பிழை இருப்பது தெரியவந்தது. அச்சடித்த படிகளைத் திரும்பப் பெற்றுப் புதிதாக எழுதியதை மீண்டும் அச்சிட வேண்டியதாயிற்று. அந்தச் செலவு 3,585 குரோனர் புவான்கரேயின் தலையில் விழுந்தது. பரிசு வாங்கியவர் பரிசைவிட ஆயிரத்துக்கு மேல் கூடுதலாக அச்சகத்துக்குக் கட்டினார். அந்தத் திருத்தத்தில்தான் பின்னாளில் ஒழுங்கின்மைக் கோட்பாடு என்று பெயர் பெற்ற துறையின் வித்து இருந்தது என்பது வேறு கதை.

குச்சா தன் பரிசுக்கு எடுத்துக்கொண்ட பொருள், வெளியில் கிடக்கும் இயற்கணித வளைகோடுகள். தாளில் வரைய முடியாமல், முறுக்கிய கம்பிபோல் முப்பரிமாணத்தில் ஓடும் கோடுகளை நினைத்துக்கொள்ளலாம். அவற்றின் வகைகளை முழுமையாக வரிசைப்படுத்துவது கடினமான சிக்கல். அதற்கு முன்பே, 1882இல், பெர்லின் அகாதெமியின் ஸ்டைனர் பரிசு இதே பொருளுக்காக மாக்ஸ் நோய்தருக்கும் பிரான்சின் ஹால்ஃபெனுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டிருந்தது. அவர்கள் இருவரும் கைவைத்து விட்டுச்சென்ற இடத்திலிருந்து குறிப்பிடத்தக்க அளவு முன்னேற வேண்டும் என்பதே குச்சாவின் எதிர்பார்ப்பு. நடுவர்களாக அமர்ந்தவர்கள் மூவர்: எர்லாங்கனிலிருந்து அதே மாக்ஸ் நோய்தர், பாரிஸிலிருந்து புவான்கரே, தூரினிலிருந்து கொர்ராடோ செக்ரே. நோய்தர் நடுவராக இருப்பது பொருத்தம்தான். ஆனால் போட்டியாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால், கால் நூற்றாண்டுக்கு முன் இதே பாதையில் பரிசு வாங்கியவரே இப்போது அளவுகோலைப் பிடித்திருக்கிறார்.

வந்த கட்டுரைகள் எதுவும் போதாது என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். இப்படி நேரலாம் என்பதை அறிவிப்பே எதிர்பார்த்திருந்தது. ஏற்கெனவே அச்சில் வந்த ஆய்வுகளுக்குப் பரிசை வழங்க இடம் விட்டிருந்தது. அந்த வழியில் 1908 ஏப்ரலில் ரோம் மாநாட்டில் குச்சா பதக்கம் பிரான்செஸ்கோ செவேரிக்கு அறிவிக்கப்பட்டது. 29 வயது நிரம்ப அவருக்குச் சில நாட்களே இருந்தன. படுவாவில் பேராசிரியராக இருந்த அவர், இயற்கணிதப் பரப்புகளின்மேல் ஓடும் வளைகோடுகளைப் பற்றி முந்தைய சில ஆண்டுகளில் எழுதிக் குவித்திருந்தார். அவற்றுள் ஒன்று இன்றும் நெரோன்-செவேரி குலம் என்ற பெயரில் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. புவான்கரே நடுவராகவும் சிறப்புரையாளராகவும் ரோமுக்கு வந்தவர், அங்கே நோய்வாய்ப்பட்டார்; கணிதத்தின் எதிர்காலம் பற்றி அவர் எழுதிவந்த உரையைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் டார்பூதான் மேடையில் படித்தார்.

செவேரி தகுதியானவரா என்றால், சந்தேகமில்லாமல். ஆனால் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விடக்கூடாது. செவேரி தூரினில் படித்தபோது அவரை வடிவியலுக்குள் இழுத்துவந்த ஆசிரியர் கொர்ராடோ செக்ரே. அதாவது மூன்று நடுவர்களில் ஒருவர். இன்றைய விதிகளின்படி செக்ரே விலகியிருக்க வேண்டும். அன்று அந்தத் துறையில் தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது செய்தி ஆழமானது. பரப்பு ஒன்றின்மேல் வளைகோடுகள் எத்தனை திசைகளில் தொடர்ச்சியாக நகர முடியும் என்பதைப் பற்றிய அடிப்படைத் தேற்றத்துக்கு ஃபெதெரிகோ என்ரிக்வெஸும் செவேரியும் 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிரூபணங்கள் கொடுத்திருந்தார்கள். அவற்றில் ஓட்டை இருந்தது. 1921இல் செவேரியே அதைக் கண்டுபிடித்தார். இடையில், 1910இல், தேற்றம் சரிதான் என்பதை முற்றிலும் வேறான பகுப்பாய்வு வழியில் நிறுவியவர் நடுவராக இருந்த அதே புவான்கரே. முழுக்க இயற்கணித வழியில் செல்லும் நிரூபணம் 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பரிசு கொடுத்தது தவறு என்பதற்காக இதைச் சொல்லவில்லை, தேற்றம் மெய்தானே. நான்கு ஆண்டுக் கெடுவுக்குள் மூன்று நடுவர்கள் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இது ஓர் அளவு.

உலகக் கணிதவியலாளர் மாநாட்டு மேடையில் வழங்கும் பதக்கம் என்ற எண்ணம் அத்தோடு அறுந்தது. 1912இல் கேம்பிரிட்ஜில் கூடிய அடுத்த மாநாட்டில் குச்சா பதக்கம் இல்லை. கனடாவின் ஜான் சார்ல்ஸ் ஃபீல்ட்ஸ் 1924 டொராண்டோ மாநாட்டில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு திட்டமிட்ட பதக்கம், அவர் இறந்தபிறகு 1936இல் ஆஸ்லோவில் முதன்முதலாக வழங்கப்பட்டபோதுதான் அந்த எண்ணம் திரும்பிவந்தது. ஃபீல்ட்ஸ் பதக்கத்தில் கேள்வி கிடையாது. செய்து முடித்த வேலையைப் பார்த்து, இனியும் செய்வார் என்ற நம்பிக்கையில் கொடுப்பது. 1908இல் ரோமில் நடுவர்கள் வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு, ஃபீல்ட்ஸின் கையில் விதியாகவே ஆகிவிட்டது.

1904இன் மற்றொரு கேள்வியை இப்போது பார்க்கலாம். எலுமிச்சம்பழத்தைச் சுற்றி எந்த இடத்தில் நூலைச் சுற்றினாலும், அதைப் பழத்தின் தோலைவிட்டு எடுக்காமலேயே வழுக்கிக்கொண்டுபோய் ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடலாம். வளையல் ஒன்றின் துளை வழியாக நூலைவிட்டுக் கட்டினால் அறுக்காமல் அதைச் சுருக்க முடியாது. எல்லா நூலும் சுருங்கும் என்றால் அந்தப் பரப்பு உருண்டைதான். இது நெடுங்காலமாகத் தெரிந்தது. இதையே ஒரு பரிமாணம் மேலே ஏற்றிக் கேட்டார் புவான்கரே: எல்லா நூலும் சுருங்கும் ஒரு மூடிய முப்பரிமாண வெளி, முப்பரிமாணக் கோளமாகத்தான் இருக்க வேண்டுமா?

அந்தக் கட்டுரை எழுந்த விதமே சுவையானது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் புவான்கரே இதைவிட எளிய ஓர் அளவையே கோளத்தை அடையாளம் காட்டப் போதும் என்று எழுதியிருந்தார். ரெந்திகோன்டியின் 18ஆவது தொகுதியில் வந்த இந்த 66 பக்கக் கட்டுரையில், அந்த அளவையில் தேறியும் கோளமாகாத வெளி ஒன்றைத் தானே கட்டிக் காட்டித் தன் பழைய கூற்றைத் தானே முறித்துப்போட்டார். அந்த முறிவின் மேல் நின்றுதான் கடைசிப் பக்கத்துக் கேள்வி. போட்டிக்கு அனுப்பும் கட்டுரையில் யாரும் தன் தவறைத் திருத்தி, பதில் தெரியாத கேள்வியோடு முடிக்கமாட்டார். இதழில் முடிக்கலாம், குச்சாவின் இதழில் நிச்சயமாக முடிக்கலாம்.

ஐந்தும் அதற்கு மேலும் உள்ள பரிமாணங்களில் இக்கேள்விக்கு விடை கண்ட ஸ்டீஃபன் ஸ்மேலுக்கு 1966இலும், நான்காம் பரிமாணத்தில் கண்ட மைக்கேல் ஃபிரீட்மனுக்கு 1986இலும் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. புவான்கரே கேட்ட மூன்றாம் பரிமாணம்தான் கடைசி வரை பிடிகொடுக்கவில்லை. கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அதற்குப் பத்து லட்சம் டாலர் விலை வைத்தது. 2002 நவம்பரில் தொடங்கி மூன்று கட்டுரைகளில் விடை கொடுத்த கிரிகோரி பெரல்மான், அவற்றை எந்த இதழுக்கும் அனுப்பாமல் இணையத்தில் போட்டுவிட்டு, 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் 2010இல் கிளே பரிசையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பணம் வைத்துக் கேட்கப்படாத கேள்வி, பணம் வாங்காதவரிடம் போய் முடிந்தது.

குச்சாவின் ஆசிரியப் பணியில் மிகச் சிறந்த தருணம் எது என்று கேட்டால் நான் 1911 டிசம்பர் 9ஆம் நாளைச் சொல்வேன். அன்று புவான்கரே அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு ஆண்டுகளாக ஒரு வடிவியல் தேற்றத்தோடு போராடி வருவதாகவும், சில தனி நிலைகளில் மட்டுமே நிறுவ முடிந்திருப்பதாகவும், இந்த வயதில் இனித் தன்னால் முடிக்க முடியுமா என்று தெரியவில்லை என்றும், முடிவடையாத கட்டுரையைப் போடுவது முறையாகுமா என்றும் அதில் கேட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 57.

தேற்றத்தைச் சொல்வது எளிது. நடுவில் துளையுள்ள வட்டத் தட்டு ஒன்றை, உளுந்து வடையைத் தட்டையாக்கியதுபோல், நினைத்துக்கொள்ளுங்கள். வெளி விளிம்பை ஒரு பக்கமாகவும் உள் விளிம்பை எதிர்ப்பக்கமாகவும் திருப்ப வேண்டும். இடையில் உள்ளதை எப்படி வேண்டுமானாலும் குழப்பலாம், ஆனால் எந்தப் பகுதியின் பரப்பளவும் கூடவோ குறையவோ கூடாது. அப்படிச் செய்தால், தொடங்கிய இடத்திலேயே நிற்கும் புள்ளிகள் குறைந்தது இரண்டாவது இருக்கும் என்பது கூற்று. 1889இல் பரிசும் பிழையும் சேர்ந்து வந்த அந்த மூன்று பொருள் சிக்கலில், மீண்டும் மீண்டும் அதே பாதைக்குத் திரும்பும் இயக்கங்கள் உண்டு என்று காட்ட இது தேவைப்பட்டது.

குச்சா ஒப்புக்கொண்டார். கட்டுரை 1912இல் 33ஆவது தொகுதியில் வெளியாயிற்று. அந்த ஆண்டு ஜூலை 17ஆம் நாள் புவான்கரே இறந்தார். ஓராண்டு முடிவதற்குள், ஹார்வர்டில் இருந்த ஜார்ஜ் டேவிட் பர்க்காஃப் தேற்றத்தை நிறுவிவிட்டார்; நிரூபணம் 1913 தொடக்கத்தில் அச்சில் வந்தது. பர்க்காஃப் பிறந்தது 1884 மார்ச் 21ஆம் நாள், பலேர்மோ கணித வட்டத்தைவிட 19 நாள் இளையவர். முடிவடையாத கட்டுரை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தத் தாள்கள் பாரிஸில் ஒரு மேசை அறைக்குள் கிடந்திருக்கும்.

இவ்வளவும் ஒருவரின் பையிலிருந்து நடந்தது என்பதுதான் இந்த அமைப்பின் பலமும் பலவீனமும். சந்தா வந்தது, உறுப்பினர்கள் பெருகினார்கள். 1914இல் எண்ணிக்கை 924ஐத் தொட்டது. பெரும்பான்மையினர் வெளிநாட்டார். அன்று உலகத்திலேயே மிகுதியான உறுப்பினர்களைக் கொண்ட கணிதச் சங்கம் அதுவே. ஆனால் அச்சகத்தையும் கடிதப் போக்குவரத்தையும் இதழின் தரத்தையும் தாங்கிப் பிடித்தது குச்சாவின் உழைப்பும் சொத்தும். அவர் பேராசிரியரும்கூட, இருந்தும் தன் சொந்த ஆய்வுகளை ஏறக்குறையக் கைவிட்டுத்தான் இதைச் செய்தார். 1914 ஏப்ரலில் சங்கத்தின் முப்பதாம் ஆண்டு விழா. ஆகஸ்டில் போர் மூண்டது. கட்டிங்கெனும் பாரிஸும் எதிரெதிர் அணிகளில் நின்றன. ஆண்டு மலரில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருந்த உறுப்பினர்களுக்கிடையே அஞ்சல்கூடப் போக முடியாத நிலை. அக்டோபர் 29ஆம் நாள் குச்சா காலமானார்.

அவருக்குப் பின் மிக்கேலே தெ ஃபிராங்கிஸ் இதழை எடுத்து நடத்தினார். சிறந்த வடிவியலாளர், பஞ்ஞேராவோடு சேர்ந்து 1909இல் பாரிஸ் அகாதெமியின் போர்தேன் பரிசு பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்துப் பிடித்தார். ஆயினும் பழைய உலகத் தொடர்பு திரும்பவில்லை. இத்தாலியக் கணிதத்தின் நிறுவன மையமும் மெல்ல வடக்கே நகர்ந்தது: 1922இல் பின்கெர்லே போலோஞ்ஞாவில் இத்தாலியக் கணித ஒன்றியத்தைத் தொடங்கினார். 1939இல் ரோமில் உயர் கணிதத்துக்கான தேசிய நிறுவனம் எழுந்தது. அதை நிறுவி நடத்தியவர், குச்சா பதக்கம் வாங்கிய அதே செவேரி, அப்போது பாசிச ஆட்சியின் செல்வாக்கு மிக்க அறிஞர். கேள்வி வைக்காமல், இளம் ஆய்வாளரின் மொத்தப் பணியைப் பார்த்துக் கொடுக்கும் காச்சோப்போலி பரிசைக் கணித ஒன்றியம் பிறகு ஏற்படுத்தியது. 1960இல் அதை முதலில் பெற்றவர் என்னியோ தெ ஜோர்ஜி.

ரெந்திகோன்டி 1952இல் இரண்டாம் வரிசையாக மீண்டும் தொடங்கி இன்றும் வருகிறது. சங்கம் பலேர்மோவில்தான் இருக்கிறது. இதழை வெளியிடுவது ஸ்பிரிங்கர். ஒவ்வொரு கட்டுரையிலும் வந்த நாள், ஏற்ற நாள், இணையத்தில் வெளியான நாள் மூன்றும் இருக்கின்றன. எல்லா இதழ்களிலும் இருக்கும் வழக்கமான வரிகள் என்று கண் தாண்டிப் போய்விடும். 21ஆவது தொகுதியின் படிமத்தைத் திறந்து 129ஆம் பக்கத்தின் அடிக்குப் போனால், பொடி எழுத்தில் அந்த இத்தாலிய வரி இன்னும் இருக்கிறது: அச்சானது, 1905 டிசம்பர் 14.